உழ்ஹிய்யா ஆட்டின் தோலும் ஓர் அமானிதமே

ஹஜ்ஜுப் பெருநாள் தினத்தில் எமது ஊர்களில் உழ்ஹிய்யா இறைச்சி எவ்வளவு கவனமாகப் பங்கிடப்படுகிறது என்பதை நாம் அறிவோம். தராசில் நிறுத்து, பை பையாகக் கட்டி, பெயர்ப்பட்டியல் பார்த்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஈரல், குடல், தலை, கால் என்று எதுவும் வீணாவதில்லை. ஆனால் அந்த ஆட்டின் தோல் எங்கே போகிறது?

பல இடங்களில் அது இரத்தத்தோடும் குடல் கழிவோடும் சேர்ந்து ஒரு குழிக்குள் போகிறது. சில இடங்களில் அறுத்து உரித்துக் கொடுத்தவர் தனது கூலியின் ஒரு பகுதியாக அதை எடுத்துச் செல்கிறார். இன்னும் சில இடங்களில், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இரவோடிரவாக வாய்க்காலிலோ வெற்றுக் காணியிலோ வீசப்பட்டு, மறுநாள் அயலவரின் முறைப்பாடாக எம்மிடமே திரும்பி வருகிறது.

ஆட்டின் தோலுக்கு மனிதன் கொடுத்த இடம் இதுவல்ல. எமது மார்க்கம் அதற்குக் கொடுத்த இடமும் இதுவல்ல. ஆட்டுத் தோல் எதற்கெல்லாம் பயன்பட்டது, பச்சைத் தோல் எப்படிப் பதமான தோலாகிறது, உழ்ஹிய்யாத் தோல் தொடர்பான சட்டம் என்ன, எமது மஹல்லாக்களில் நாம் செய்யக்கூடியது என்ன என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹதீஸ்களில் வரும் தோற்பை

பிள்ளைகளுக்கு ஹதீஸ் கற்பிக்கும்போது அடிக்கடி எதிர்ப்படும் ஒரு சொல் தோற்பை. இரவில் பாத்திரங்களை மூடி வைக்குமாறும் தோற்பைகளின் வாயைக் கட்டி வைக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். தோற்பையின் வாயில் நேரடியாக வாய் வைத்துக் குடிப்பதைத் தடுத்தார்கள். ஹிஜ்ரத் பயணத்தின்போது உணவுப் பொதியையும் தண்ணீர்ப் பையையும் கட்டுவதற்குக் கயிறு கிடைக்காமல் அஸ்மா (ரழி) அவர்கள் தமது இடுப்புப் பட்டியையே இரண்டாகக் கிழித்தார்கள். இவையெல்லாம் எமது பிள்ளைகள் மனனமிட்ட செய்திகள்தான். ஆனால் "தோற்பை என்றால் என்ன?" என்று வகுப்பில் கேட்டால், பலருக்கு மனதில் வருவது பாடசாலைப் பை அல்லது உம்மாவின் கைப்பை. அதற்குள் எப்படித் தண்ணீர் ஊற்றுவது என்று திருப்பிக் கேட்கும் பிள்ளையும் உண்டு.

அரபியில் கிர்பா, ஸிகா என்றெல்லாம் அழைக்கப்படும் இந்தத் தோற்பை, பெரும்பாலும் ஒரு முழு ஆட்டின் தோலாகும். இதற்காக ஆட்டை உரிக்கும் முறையே வேறு. வழமைபோல வயிற்றின் நடுவே நீளமாகக் கீறினால் தோல் ஒரு விரிப்பாகிவிடும், பையாகாது. எனவே தலையையும் கால்களின் நுனியையும் அகற்றிவிட்டு, சட்டையைக் கழற்றுவதுபோலத் தோலை முழுதாக உருவி எடுப்பார்கள். பின்னர் அதைப் பதனிட்டு, கால்களும் பின்பகுதியும் இருந்த துவாரங்களை இறுகக் கட்டியோ தைத்தோ அடைப்பார்கள். கழுத்துப் பகுதி பையின் வாயாகிவிடும். கால்களின் தோலில் கயிறு கட்டினால் தோளில் மாட்டிக்கொள்ளலாம்; ஒட்டகத்தின் பக்கவாட்டில் தொங்கவும் விடலாம்.

மண்பானை பயணத்தில் உடைந்துவிடும். செம்புப் பாத்திரம் கனமானது, விலையும் கூடியது. தோற்பை விழுந்தாலும் உடையாது. தண்ணீர் தீர்ந்ததும் சுருட்டி வைக்கலாம். இன்னுமொரு நன்மையும் உண்டு. தோலின் நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் மிகச் சிறிதளவு கசிந்து வெளிப்புறத்தை ஈரமாக்கும். அந்த ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தையும் எடுத்துச் செல்லும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்கும் இதுவே காரணம். பாலைவன வெயிலில் குளிர்ந்த நீர் கிடைத்தது இப்படித்தான்.

இந்தப் பையை மனதில் வைத்துக்கொண்டு அந்த ஹதீஸ்களை மீண்டும் வாசித்தால் அவற்றின் பொருள் தெளிவாகும். தோற்பையின் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது. பூச்சியோ அழுக்கோ உள்ளே போயிருந்தால் வாய் வைத்துக் குடிப்பவருக்குத் தெரியாது. பலரின் வாய் பட்டால் பையின் வாயில் துர்நாற்றமும் பிடிக்கும். இக்காரணங்களை அறிஞர்களும் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். பொருள் என்னவென்று தெரியாதபோது வெறும் கட்டளையாகத் தெரிந்தது, பொருள் தெரிந்ததும் சுகாதாரப் பாடமாகிவிடுகிறது.

நபி (ஸல்) அவர்களின் வீட்டில்

நபி (ஸல்) அவர்களின் படுக்கை, பேரீச்ச நார் நிரப்பிய தோலாக இருந்தது என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தமது ஆடு ஒன்று செத்தபோது அதன் தோலைப் பதனிட்டு, அது நைந்து பழசாகும் வரை அதில் பேரீச்சம் பழம் ஊறவைத்து வந்ததாக ஸவ்தா (ரழி) அவர்கள் கூறிய செய்தி ஸஹீஹுல் புஹாரியில் இடம்பெற்றுள்ளது.

இன்னொரு சம்பவம் பலருக்கும் தெரிந்தது. மைமூனா (ரழி) அவர்கள் விடுதலை செய்த ஒரு பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்தது. அவ்வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். அது செத்த ஆடாயிற்றே என்று சொல்லப்பட்டபோது, அதை உண்பதுதான் தடுக்கப்பட்டுள்ளது என்று விளக்கினார்கள். புஹாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது. செத்த ஆட்டின் தோலையே வீணாக்க வேண்டாம் என்று வழிகாட்டிய மார்க்கத்தில், அல்லாஹ்வின் பெயர் கூறி அறுத்த ஆட்டின் தோலைக் குழிக்குள் தள்ளுவதற்கு நாம் என்ன நியாயம் சொல்லப் போகிறோம்?

உழ்ஹிய்யாவோடு நேரடியாகத் தொடர்புபட்ட செய்தியும் உண்டு. ஓர் ஆண்டில் வறிய நாட்டுப்புற மக்கள் மதீனாவுக்கு வந்திருந்த காரணத்தால், உழ்ஹிய்யா இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் சேமிக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருந்தார்கள். பிற்பாடு மக்கள் வந்து, தமது உழ்ஹிய்யாப் பிராணிகளிலிருந்து தோற்பைகள் செய்துகொள்வதையும் கொழுப்பை உருக்கி எடுப்பதையும் எடுத்துச் சொன்னார்கள். அந்தத் தடை அவ்வருட ஏழைகளுக்காகவே என்றும், இனி உண்ணலாம், சேமிக்கலாம், தர்மம் செய்யலாம் என்றும் நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் இச்செய்தியிலிருந்து, உழ்ஹிய்யா ஆட்டின் தோலைப் பயனுள்ள பாத்திரமாக்குவது ஸஹாபாக்களிடையே சாதாரண வழக்கமாக இருந்தது புலனாகிறது.

அவர்களில் தோல் வேலை தெரிந்த பெண்களும் இருந்தார்கள். ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்கள் தமது கையாலேயே தோல் பதனிட்டு, தைத்து, அதில் கிடைப்பதைத் தர்மம் செய்பவராக இருந்தார்கள். மனைவியரில் யாருடைய கை நீளமானதோ அவரே எனக்குப் பின் முதலில் என்னை வந்தடைவார் என்று நபி (ஸல்) அவர்கள் முன்னறிவித்தது ஸைனப் (ரழி) அவர்களின் தர்மக் கையைக் குறித்தே என்பது, அவர்களின் மரணத்துக்குப் பின்னரே மற்றவர்களுக்குப் புரிந்தது. அந்தக் கை தோல் பதனிட்ட கை. எமது சமூகத்தில் இன்று தோல் வேலையை நாற்றம் பிடித்த தொழில் என்று முகம் சுளிப்பவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

பச்சைத் தோல் எப்படிப் பதமாகிறது?

உரித்த தோலில் மூன்று படைகள் உண்டு. வெளியே மயிரும் மெல்லிய மேற்தோலும்; உள்ளே கொழுப்பும் தசைத் துணுக்குகளும்; இரண்டுக்கும் நடுவே நார்கள் பின்னிய தடித்த படை. இந்த நடுப்படைதான் நாம் பயன்படுத்தும் தோல். அதன் நார்கள் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. பச்சைத் தோலின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். புரதமும் தண்ணீரும் வெப்பமும் ஒன்றாகச் சேர்ந்த இடம் பற்றீரியாக்களுக்கு விருந்து. அதனால்தான் எமது காலநிலையில் சில மணித்தியாலங்களிலேயே தோல் நாறத் தொடங்குகிறது.

அழுகாமல் வெறுமனே காயவைத்தால் என்ன? அப்போது நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தோல் பலகைபோல விறைத்துவிடும். நனைத்தால் மீண்டும் பச்சைத் தோலாகி அழுகும். பதனிடுதல் என்பது இந்த இரண்டு குறைகளையும் நீக்கும் வேலை. மரப்பட்டைகளிலும் காய்களிலும் இருக்கும் துவர்ப்புப் பொருளான தனின், கொலாஜன் நார்களுக்கிடையே புகுந்து அவற்றோடு பிணைந்துகொள்கிறது. அதன்பின் பற்றீரியாவால் அந்த நாரை இலகுவில் சிதைக்க முடியாது. காய்ந்தாலும் நார்கள் ஒட்டிக்கொள்ளாது; தோல் வளைந்து கொடுக்கும். பாக்கைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிப்பதுபோல இருக்குமே, அதுவும் தனின் புரதத்தோடு சேர்வதால் ஏற்படுவதுதான்.

மரபு முறையின் படிகள் எளிமையானவை. முதலில் தோலை நன்றாக ஊறவைத்துக் கழுவுவார்கள். பின்னர் சுண்ணாம்பு நீரில் சில நாட்கள் போட்டு மயிரைத் தளர்த்திச் சுரண்டுவார்கள். உட்புறத்துக் கொழுப்பையும் தசையையும் கத்தியால் வழிப்பார்கள். சுண்ணாம்பை நீக்கிய பிறகு, மரப்பட்டைச் சாறு நிரப்பிய தொட்டியில் இட்டு, சாற்றின் கடுமையைப் படிப்படியாகக் கூட்டுவார்கள். இதற்குப் பல வாரங்கள் செல்லும். கடைசியில் எண்ணெய் தடவிக் காயவைத்து, இழுத்து மென்மையாக்குவார்கள்.

எந்த மரத்தின் பட்டை என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். ஹதீஸில் தோலைத் தூய்மையாக்கும் பொருளாகத் தண்ணீரோடு சேர்த்துச் சொல்லப்பட்ட கரழ் என்பது கருவேல இன மரத்திலிருந்து கிடைப்பது. தென்னிந்தியாவில் ஆவாரம்பட்டையே நீண்டகாலம் முதலிடம் பெற்றிருந்தது, கடுக்காயும் சேர்க்கப்பட்டது. ஆவாரை எமக்கு அந்நியமான செடியல்ல. சிங்களத்தில் ரணவரா என்று அழைக்கப்பட்டு, உலர் வலயத்தில் பூத்துக் கிடந்து, நாம் தேநீராகக் குடிக்கும் அதே செடிதான் அது. ஆங்கிலேயர் அதற்கு இட்ட பெயரிலேயே தோல் பதனிடுபவரின் செடி என்ற பொருள் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குரோமியம் உப்பைக் கொண்டு பதனிடும் முறை தொழிற்சாலைகளுக்கு வந்தது. வாரக்கணக்கான வேலை ஒரு நாளளவில் முடிந்தது. இன்று உலகில் உற்பத்தியாகும் தோலில் பெரும்பகுதி குரோமியத்தால் பதனிடப்பட்டதே. அது மென்மையானது, நீரையும் வெப்பத்தையும் தாங்கக்கூடியது. அதன் கழிவுநீர் செய்யும் கேட்டைப் பின்னர் பார்ப்போம்.

ஆட்டுத் தோலின் தனித்தன்மை

மாட்டுத் தோல் தடித்தது. சப்பாத்தின் அடிப்பகுதிக்கும் இடுப்புப் பட்டிக்கும் ஏற்றது. செம்மறித் தோல் மென்மையானது. ஆனால் அதில் கொழுப்பு அதிகம், நார்கள் தளர்வானவை, இலகுவில் கிழியும். வெள்ளாட்டின் தோல் மெல்லியதாகவும் அதேவேளை நார்கள் நெருக்கமாகப் பின்னியதாகவும் இருப்பதால் எடைக்கு மிஞ்சிய உறுதி கொண்டது. இந்தக் குணமே அதைப் பல நாட்டு மக்களுக்கும் தேவையான பொருளாக்கியது.

பலஸ்தீன, ஜோர்தான் பகுதிகளின் பதவீகள் ஆட்டுத் தோற்பையில் தயிரை நிரப்பி, முக்காலியில் தொங்கவிட்டு ஆட்டி வெண்ணெய் எடுத்தார்கள். துருக்கியில் துலூம் என்ற சீஸ் ஆட்டுத் தோலுக்குள் அடைத்தே முதிர வைக்கப்பட்டது. துலூம் என்ற சொல்லே அந்தத் தோற்பையைக் குறிப்பது. வட இந்திய நகரங்களில் ஆட்டுத் தோற்பையை முதுகில் சுமந்து வீடுகளுக்கும் வீதிகளுக்கும் தண்ணீர் கொடுத்தவர்கள் பிஷ்தி எனப்பட்ட முஸ்லிம் தொழிலாளர்கள். 1539இல் சௌசாப் போரில் தோற்று கங்கையில் மூழ்கவிருந்த ஹுமாயூன் மன்னர், நிஸாம் என்ற தண்ணீர் சுமப்பவர் காற்றடைத்துக் கொடுத்த தோற்பையைப் பிடித்தே கரை சேர்ந்தார். நன்றிக்கடனாக அவரைச் சிறிது நேரம் அரியணையில் அமர்த்தினார் என்பது முகலாய வரலாற்றின் புகழ்பெற்ற செய்தி.

மொரோக்கோவின் பாஸ் நகரத்துப் பதனிடும் தொட்டிகளில் இன்றும் ஆட்டுத் தோல் பதனிடப்படுகிறது. அங்கே தோலை மென்மையாக்குவதற்குப் புறா எச்சத்தைப் பயன்படுத்தும் பழைய முறையும் தொடர்கிறது. நயமான ஆட்டுத் தோலுக்கு ஐரோப்பியர் அந்த நாட்டின் பெயரையே சூட்டினார்கள். முஸ்லிம் உலகின் புத்தகக் கட்டுநர்கள் முஸ்ஹபுகளுக்கும் ஏனைய கையெழுத்துப் பிரதிகளுக்கும் உறையிட விரும்பியதும் ஆட்டுத் தோலைத்தான். நூலின் திறந்த விளிம்பை மூடும் மடிப்போடு கூடிய அந்த உறைகள் பல நூற்றாண்டுகள் கடந்தும் நூதனசாலைகளில் உறுதியாக இருக்கின்றன.

பதனிடாத ஆட்டுத் தோலுக்கும் வேலை உண்டு. சுண்ணாம்பிட்டு மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்தால் எழுதக்கூடிய தோற்றாள் கிடைக்கும். அதேபோல இழுத்துக் கட்டிய தோலே இசைக்கருவியின் முகமாகிறது. எமது நாட்டின் றபானுக்கும் தவிலின் ஒரு பக்கத்துக்கும் ஆட்டுத் தோல்தான் போடப்படுகிறது. அப்படியென்றால், நாம் புதைக்கும் தோலைத் தேடுபவர்கள் இந்த நாட்டிலேயே இருக்கிறார்கள்.

உழ்ஹிய்யாத் தோலின் சட்டம்

நபி (ஸல்) அவர்கள் ஹஜ்ஜில் குர்பான் கொடுத்த ஒட்டகங்களை மேற்பார்வை செய்யும் பொறுப்பை அலி (ரழி) அவர்களிடம் ஒப்படைத்தபோது, இறைச்சியோடு அவற்றின் தோல்களையும் மேல்விரிப்புகளையும் தர்மம் செய்துவிடுமாறும், அறுப்பவருக்குக் கூலியாக அவற்றிலிருந்து எதையும் கொடுக்கக் கூடாதென்றும் கட்டளையிட்டார்கள். இதுவும் புஹாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

எமது ஊர்களில் பலர் அறியாமல் விடும் இடம் இதுதான். "தோலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம்" என்று பேசுவது, தோலைக் கூலியாகக் கொடுப்பதாகும். கூலியை முழுமையாகப் பணமாகக் கொடுக்க வேண்டும். அறுப்பவர் ஏழையாக இருந்தால், அதற்கு மேலதிகமாகத் தர்மமாகவோ அன்பளிப்பாகவோ தோலைக் கொடுப்பதில் தடையில்லை.

ஷாபிஈ மத்ஹபின்படி, ஸுன்னத்தான உழ்ஹிய்யாவைக் கொடுத்தவர் அதன் தோலைத் தாமே பயன்படுத்தலாம், தர்மமும் செய்யலாம், விற்க முடியாது. தர்மமாகப் பெற்ற ஏழை அதை விற்றுப் பயனடையலாம். நேர்ச்சை செய்த உழ்ஹிய்யாவாயின் தோலையும் தர்மம் செய்தாக வேண்டும். விற்றுக் கிடைக்கும் பணத்தைத் தர்மம் செய்வதற்கு ஹனபி மத்ஹபில் இடமுண்டு. எனவே தோல் சேகரிக்க முன்வரும் பள்ளிவாசல் நிருவாகம், அதை எந்த முறையில் பொறுப்பேற்பது, யாருக்காக விற்பது என்பதை ஊர் உலமாக்களிடம் கேட்டுத் தீர்மானித்துக்கொள்வது அவசியம்.

தோலிலிருந்து கல்லூரி வரை

ஓர் ஆட்டுத் தோலின் பெறுமதி மிகச் சிறியதுதான். ஆனால் சிறியவை சேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு எமது அயலிலேயே சான்று இருக்கிறது. தமிழ்நாட்டின் வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகத் தோல் வணிகம் செய்தவர்கள். சென்னையின் பெரியமேடு அவர்களின் சந்தை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் அங்கிருந்து இலண்டனுக்குக் கப்பலேறின.

அந்தச் செல்வத்தின் ஒரு பகுதி கல்வியாக மாறியது. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியது. எம்மவர் பலருக்கும் பெயர் தெரிந்த திருச்சி ஜமால் முஹம்மத் கல்லூரி 1951இல் ஆரம்பமானது. அது தாங்கியிருப்பது சென்னையின் ஒரு தோல் வணிகரின் பெயரை. மேல்விஷாரத்தில் இருக்கும் கல்லூரியும் அப்துல் ஹகீம் என்ற தோல் வணிகக் கொடையாளரின் பெயரால் அமைந்தது. ஆட்டின் தோல் மாணவரின் புத்தகமானது என்று சொன்னால் மிகையாகாது.

அதே ஊர்களிலிருந்து எச்சரிக்கையையும் நாம் பெற வேண்டும். குரோமியப் பதனிடல் பெருகியபோது தொழிற்சாலைக் கழிவுநீர் பாலாற்றிலும் விளைநிலங்களிலும் கலந்தது. கிணறுகள் கெட்டன. விவகாரம் இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை வலியுறுத்தப்பட்டது. எனவே ஒவ்வொரு ஊரிலும் ஒரு பதனிடும் தொட்டி கட்டுவோம் என்று நான் சொல்லவில்லை. பதனிடுதலை அதற்கான வசதியும் அனுமதியும் உள்ளவர்களிடம் விட்டுவிட்டு, தோலைப் பழுதாகாமல் அவர்களிடம் சேர்ப்பதே எமது வேலை.

மஹல்லா மட்டத்தில் செய்யக்கூடியவை

முதலாவது, வாங்குபவரை முன்கூட்டியே கண்டறிய வேண்டும். பங்களாதேஷில் குர்பான் தோல்களைச் சேகரிப்பது மத்ரஸாக்களுக்கும் அநாதை இல்லங்களுக்கும் முக்கியமான வருமானம். ஆனால் 2019ஆம் ஆண்டுப் பெருநாளில் அங்கு தோலின் விலை வீழ்ந்தபோது, சேகரித்த தோல்களை மண்ணில் புதைக்கவும் வீதியில் போடவும் நேர்ந்தது. பெருநாளன்று தோலைக் குவித்துவிட்டு மறுநாள் வாடிக்கையாளரைத் தேடினால் எமக்கும் அதே கதிதான். தோல் வியாபாரிகள், தோற்கருவி செய்பவர்கள், கைப்பணியாளர்கள் ஆகியோரோடு பெருநாளுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே பேசி, எவ்வளவு தேவை, எந்த நிலையில் தேவை என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இரண்டாவது, உரிக்கும் கை கவனமாக இருக்க வேண்டும். கத்தி பட்டு ஒரு துவாரம் விழுந்தாலே தோலின் மதிப்பு இறங்கிவிடும். தொடக்கக் கீறல்களுக்கு மட்டும் கூரிய கத்தியைப் பயன்படுத்தி, பின்னர் முஷ்டியால் தள்ளித் தோலைப் பிரித்தெடுப்பதே அனுபவசாலிகளின் முறை. ஆட்டின் தோல் உடலோடு இறுக ஒட்டியிருப்பதில்லை. சூடு ஆறுவதற்குள் செய்தால் இலகுவாகக் கழன்றுவிடும்.

மூன்றாவது, உப்பு. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். உரித்த நான்கு, ஐந்து மணித்தியாலங்களுக்குள் உப்பிட வேண்டும். தோலில் ஒட்டிய இறைச்சித் துணுக்குகளையும் கொழுப்பையும் அகற்றி, இரத்தத்தைக் கழுவி, நீர் வடியவிட வேண்டும். மயிர்ப்பக்கம் கீழே இருக்குமாறு விரித்து, உட்பக்கம் முழுவதும், ஓரங்களும் கால் பகுதிகளும் உட்பட, உப்பை நன்றாகத் தேய்க்க வேண்டும். அளவு, தோலின் எடையில் ஏறத்தாழ அரைவாசி. இரண்டு கிலோ தோலுக்கு ஒரு கிலோ உப்பு. உப்பு தோலிலுள்ள நீரை வெளியே இழுப்பதால் பற்றீரியா பெருக முடியாமல் போகும். கருவாடு கெடாமல் இருப்பதும் இதனால்தானே.

நான்காவது, வைக்கும் இடம். நிழலும் காற்றோட்டமும் உள்ள, சற்றுச் சரிவான சீமெந்துத் தரை போதும். வடியும் உப்புநீர் கிணற்றுப் பக்கமோ வயல் பக்கமோ போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கடும் வெயிலில் காயப்போட்டால் தோல் வெடித்து விறைக்கும். பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் உள்ளே வெப்பம் கூடி அழுகும். சரியாக உப்பிட்ட தோல் வாரக்கணக்கில் தாங்கும். அதற்குள் லொறி ஏற்றி அனுப்பிவிடலாம். இந்த வேலையைச் செய்பவர்கள் கையுறை அணிவதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு முன்கூட்டியே அறிவிப்பதும் அவசியம்.

ஐந்தாவது, கணக்கு. எத்தனை தோல் வந்தது, எவ்வளவுக்குப் போனது, அந்தப் பணம் எந்த ஏழைக் குடும்பத்துக்கு அல்லது எந்த மாணவரின் கல்விக்குச் சென்றது என்பதைப் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் எழுதிப் போட வேண்டும். வருமானம் உப்பின் விலையையும் வாகனக் கூலியையும் விடச் சற்றுத்தான் கூடியதாக இருந்தாலும், கணக்கைக் காட்டினால் அடுத்த ஆண்டு தோல் தானாக வந்து சேரும்.

வாங்குபவர் கிடைக்காத ஊர்களிலும் ஒன்றிரண்டு தோல்களையாவது காப்பாற்றலாம். மயிரோடு பதனிட்ட ஆட்டுத் தோல் அழகான விரிப்பாகும். பதனிட்ட தோலிலிருந்து பணப்பை, முஸ்ஹப் உறை, புத்தக உறை எனப் பல பொருட்கள் செய்யலாம். தையல் தெரிந்த பெண்கள் எமது ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். தொழிற்பயிற்சி வகுப்புகளில் தோல் வேலையையும் ஒரு பாடமாகச் சேர்த்தால் வீட்டிலிருந்தே ஒரு வருமானம் கிடைக்கும். ஸைனப் (ரழி) அவர்கள் செய்த வேலை அது என்று சொல்லிக் கொடுத்தால், கற்பவருக்கு அதில் கூச்சமும் வராது.

இவற்றில் எதுவுமே முடியாத இடத்தில், சுற்றாடலுக்குக் கேடு வராமல் ஆழமாகப் புதைப்பதுதான் வழி. அது கடைசித் தெரிவாக இருக்க வேண்டுமே தவிர, முதல் தெரிவாக இருக்கக் கூடாது.

கால்நடைகளின் தோலிலிருந்து பயணத்தில் சுமக்க இலகுவான வீடுகளை அமைத்துக் கொடுத்ததை, ஸூரா அந்நஹ்லில் அல்லாஹ் தனது அருட்கொடைகளில் ஒன்றாக நினைவூட்டுகிறான். அருட்கொடைக்கு நன்றி செலுத்துவதன் முதல் படி, அதை வீணாக்காதிருப்பது. வரும் ஹஜ்ஜுப் பெருநாளுக்காகக் கூடும் நிருவாகக் கூட்டங்களில் இறைச்சிப் பங்கீட்டைப் பற்றிப் பேசும்போது, தோலைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசுவோம். ஒரு மூடை உப்பும் இரண்டு இளைஞர்களும் இருந்தால் இந்த ஆண்டே ஆரம்பிக்கலாம்.